மாதா தெரிந்தெடுத்த தோட்டா

மைக் அப்பாவின் கைக்குப் போய்விட்டது.

டயனா றோல்ஸ் தட்டை ஏந்தியபடி குசினிக் கதவடியில் அப்படியே நின்றுவிட்டாள். தட்டின் ஓரத்திலிருந்த றோல் ஒன்று உருண்டு கீழே விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. மடுத் திருநாள் பூசை முடிந்து, லண்டன் நோர்பரிக் கோயில் மண்டபத்தில் முந்நூறு சனம் இருந்தது. "மாதாவிட்டை வரம் பெற்ற ஆக்கள் வந்து சாட்சி சொல்லலாம்" என்று பங்குச்சபைத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை சொல்லி வாய் மூடவில்லை, முதல் ஆளாக எழும்பி, போட்டிருந்த சேட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு முன்னுக்குப் போனவர் அவளுடைய அப்பா கிறிஸ்துராஜா.

"எல்லாருக்கும் திருநாள் வாழ்த்து. நான் இண்டைக்கு ஒரு துவக்குத் தோட்டாவைப் பற்றிச் சொல்லப்போறன்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பாதர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சிரிக்காதேங்கோ. அதை எனக்குத் தெரிஞ்சு தந்தது மடு மாதா."

இல்லை. அதைத் தெரிந்தெடுத்தது டயனா. பதினாறு வயது டயனா, கணக்குக் கொப்பியில் ஒற்றைத் தாள் கிழித்து, கதவைப் பூட்டிவிட்டு இருந்து செய்த வேலை. ஏழு மாதமாக அவள் இதை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட, தங்கச்சிக்கு அடித்தேன், பொய் சொன்னேன் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தவள். இப்போது அவளுடைய அப்பா, மாதாவின் திருநாளில், முந்நூறு பேருக்கு முன்னால் அந்தப் பொய்யைச் சாட்சியாகச் சொல்லப்போகிறார்.

அவள் தட்டைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடினாள்.

அம்மா றோஸ்மலர் பெரிய கேத்திலைச் சரித்துத் தேத்தண்ணி வார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இம்மாகுலேற் அன்ரி மிதிவெடி அடுக்கிக்கொண்டிருந்தா. மிதிவெடி என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அவித்த முட்டை வைத்து உருட்டிப் பொரித்த பெரிய றோல். ஊரில் யுத்த காலத்தில் யாரோ வைத்த பெயர் லண்டன் வரைக்கும் கூட வந்துவிட்டது.

"அம்மா, அப்பாவை நிப்பாட்டுங்கோ."

"ஏன், சேட்டுப் பொத்தான் பூட்டாமல் போயிட்டாரோ?"

"அதில்லை. உங்களோட தனியக் கதைக்கவேணும்."

"நூற்றைம்பது கப் கிடக்குப் பிள்ளை. சீனியைப் போடு. போட்டுக்கொண்டு கதை."

எப்படிக் கதைப்பது? அன்ரிக்குக் கையைவிடக் காது வேகம். ஒரு சொல் விழுந்தால், கோப்பை கழுவி முடிய முதல் குறொய்டன் முழுக்கத் தெரிந்துவிடும். டயனா சீனிக் கரண்டியைப் பிடித்தாள். சாப்பாடு பரிமாறும் யன்னலால் அப்பாவின் குரல் வந்துகொண்டிருந்தது.

"நான் மன்னாரில துவக்குக்கு ஒளிச்சுத் திரிஞ்சனான். இங்க வந்து துவக்குக்கு லைசென்ஸ் எடுத்தனான். ஏனெண்டு கேளுங்கோ. முயல்!"

கிறிஸ்துராஜா பதினொரு வருசம் கட்விக் விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தவர். பிள்ளைகள் எழும்பும்போது அவர் படுப்பார், பிள்ளைகள் படுக்கும்போது அவர் போவார். அந்த வீட்டில் பகலில் கதவை மெல்லச் சாத்த வேண்டும், மிக்ஸி போடக்கூடாது. டயனாவுக்கு அப்பா என்றால் அறைக் கதவுக்குக் கீழே தெரிகிற இருட்டு. பிறகு மூன்று வருசத்துக்கு முதல் அவர் ஷிப்டை விட்டார். பிக்கின் ஹில்லுக்கு அங்காலே, லண்டன் என்று பெயர் இருந்தாலும் பஸ் ஓடி முடிந்து மாடு நிற்கிற இடத்தில், டெரிக் என்ற வயதான வெள்ளைக்காரரிடம் இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். முளைக்கீரை, போஞ்சி, வெங்காயத்தாள், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கறிமிளகாய். விடிய வெட்டிக் கட்டி வான் வண்டியில் ஏற்றினால், ஒன்பது மணிக்கு நோர்பரிக் கடையிலும் ரூற்றிங் கடையிலும் ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும்.

வான் ஓட்டும்போது அப்பா பாடினார். அதுதான் டயனாவை மடக்கியது. அவருக்குப் பாட்டு வரும் என்றே அவளுக்கு அதுவரை தெரியாது. சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், ஆனால் தொண்டை நிறையப் பாடினார். பாதிப் பாட்டில் ரவுண்டபவுட் வந்தால் அதைச் சுற்றி முடிக்கும் வரை ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டிருப்பார்.

போன கோடையில் முயல் வந்தது. போஞ்சி இரண்டு இலை விட்ட அன்றைக்கே வரிசை வரிசையாகக் கத்தரித்து வைத்ததுபோல் தின்றுவிட்டுப் போயிருந்தது. வேலி போட்டார், கீழால் தோண்டின. அப்பாவிடம் சின்னத் துவக்கு ஒன்று இருந்தது, பொலிஸ் பத்திரத்தோடு முறையாக எடுத்தது. அது எண்பது யார் தூரத்துக்குத்தான் ஒழுங்காகப் போகும், யார் என்றால் மூன்று அடி. முயல்களுக்கு அந்தக் கணக்கு இரண்டு கிழமையில் விளங்கிவிட்டது. அவை சுண்ணாம்புச் சரிவின் அடியிலுள்ள பற்றைக்குப் பக்கத்தில், இருநூறு யாருக்கு அங்காலே குந்தியிருந்து காதைச் சொறிந்தன. கிட்டப் போனால் வெட்டைவெளி. ஒரு அடி வைத்தால் ஒன்றும் இராது.

"வர வருசமும் இப்பிடியெண்டால் நிலத்தைக் குடுத்துப்போட்டுத் திரும்ப ஷிப்டுக்குப் போகவேண்டியதுதான்" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை அவர் பாடவில்லை.

தூரத்துக்குப் போகிற துவக்கு வேண்டும். அதற்குப் பொலிஸிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எந்த அளவுத் தோட்டா என்று விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும், எழுதிய அளவைத்தான் வாங்கலாம், மனம் மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே பிழை விடக்கூடாது. பிழை விடக்கூடாது என்றதும் ஆளாளுக்கு வாய் திறந்தார்கள்.

டெரிக் சொன்னது டுவென்டி-டூ-டூ-ஃபிப்டி. அவர் வாலிபத்தில் வைத்திருந்தாராம். "செக்கனுக்குக் கிட்டத்தட்ட நாலாயிரம் அடி போகுமாம் றோஸ்! முயல் சத்தத்தைக் கேட்க முதல் மோட்சத்துக்குப் போயிடும்!" என்று அப்பா சாப்பாட்டு மேசையில் கையை வீசிக் காட்டினதில் சொதிக் கோப்பை கவிழ்ந்தது.

பட்டாசுக்குக்கூடக் காதைப் பொத்துகிற செபஸ்தியாம்பிள்ளை, டூ-ஃபோர்-த்ரீதான் எடுக்க வேண்டும் என்றார். "எடுக்கிறதெண்டால் பெரிசா எடுக்கவேணும் ராசா. நாளைக்கு மான் வந்தால் என்ன செய்வாய்?"

"மான் வந்தால் உங்களைக் கூப்பிடுறன் அண்ணை."

டயனா தன் அறையில் இருந்து, பௌதிகப் பாடத்துக்கு வாங்கிய கொப்பியில் கட்டம் கீறினாள். தோட்டா எத்தனை யாரில் எவ்வளவு கீழே இறங்கும், பக்கக்காற்று எவ்வளவு தள்ளும், சத்தம் எவ்வளவு, குழாய் எத்தனை வெடிக்குத் தாங்கும். இரண்டு கிழமை பார்த்தாள். டூ-டூ-த்ரீ. சந்தேகமே இல்லை. இருநூற்றிருபது யாரில், அந்த நாலாயிரம் அடிக்காரனுக்கும் இதற்கும் அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை. தோட்டா மலிவு, அதனால் அப்பா பயிற்சிக்குக் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார். சத்தம் குறைவு. சரிவுக்குக் கீழே குதிரைத் தொழுவம் இருந்தது. குதிரை மிரண்டால் குதிரைக்காரி டெரிக்கிடம் போவாள், டெரிக் நிலத்தைத் திருப்பிக் கேட்பார். இதையெல்லாம் கட்டம் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"வடிவாக் கீறியிருக்கிறாய்" என்று சொல்லி அப்பா அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். "நீ சோதினைக்குப் படியம்மா. இது துவக்கு விசயம்."

அம்மா மட்டும் ஒரு நாள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். "பிள்ளை, இந்த மூண்டில எது கறிக்கு மிச்சம் விடும்?"

"டூ-டூ-த்ரீ அம்மா. அதுவும் தலையில பட்டால்தான். மற்றது ரெண்டிலயும் வாலும் மிஞ்சாது."

"ம்" என்றாள் அம்மா. முயல் கறிக்கு மிளகு தூக்கலாகப் போட்டு, கடைசியில் முருங்கையிலை கிள்ளிப்போட்டு இறக்குகிற கை அது.

கடைசியில் அப்பா திருவுளச்சீட்டுப் போடுவோம் என்றார். அந்த வீட்டில் அது புதிதல்ல. ஹரோவிலா நோர்பரியிலா வீடு வாங்குவது என்பதும் சீட்டுத்தான், தங்கச்சிக்கு ஷெறோன் என்று பெயர் வந்ததும் சீட்டுத்தான். மூன்று துண்டில் எழுதி, மடித்து, தகரப் பேணிக்குள் போட்டு, மாதா சுரூபத்தின் காலடியில் ஒன்பது நாள் நவநாள் செபத்தோடு வைத்திருந்து, ஒன்பதாம் நாள் வீட்டின் சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். மற்ற இரண்டையும் பிரிக்கக்கூடாது. மெழுகுதிரியில் எரித்துவிட வேண்டும். மாதா வேண்டாமென்றதை மனிதர் திரும்பப் பார்ப்பது மரியாதையில்லை.

"எழுத்து வடிவான ஆள் எழுதட்டும்" என்று அப்பா பேனையை டயனாவிடம் கொடுத்தார்.

அவள் அறைக்குப் போனாள். முதல் துண்டில் 223 என்று எழுதினாள். இரண்டாவதை எடுத்தாள். பாட்டில்லாத வான் ஞாபகம் வந்தது. இரண்டாவதிலும் 223 என்று எழுதினாள். மூன்றாவதை எழுதும்போது கை தானாகவே போனது.

ஒன்பது நாளும் அவள் முழங்காலில் நின்று, பேணியைப் பார்க்காமல் செபம் சொன்னாள். ஒன்பதாம் நாள், ஆறு வயது ஷெறோன் கண்ணைப் பொத்திக்கொண்டு பேணிக்குள் கையை விட்டாள். 223. அப்பாவின் முகம் ஒரு கணம் தொங்கியது. பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் மெழுகுதிரியில் பிடித்தார். அவை கருகிச் சுருண்டபோதுதான் டயனாவுக்கு மூச்சு வந்தது.

சித்திரையில் பத்திரம் வந்தது, வைகாசியில் துவக்கு வந்தது. முதல் பின்னேரம் டயனாவும் கூடப் போனாள். அப்பா ஈரப் புல்லில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தார். அவள் பக்கத்தில் தூரக்கண்ணாடியோடு படுத்தாள். துவக்கைத் தொடக்கூடாது, காற்றைச் சொல்லலாம், அதுதான் ஒப்பந்தம். வேலிக் கட்டையில் வெங்காயப் பையின் சிவப்பு வலைத் துண்டொன்றைக் கட்டியிருந்தாள்.

"பின்னுக்கு மண் தெரியுதோ?"

"தெரியுது அப்பா. சரிவு முழுக்க மண்தான்."

"காத்து?"

"இடப்பக்கத்தால. வலை பாதிக்கு எழும்புது. ரெண்டு விரல் இடப்பக்கம் பிடியுங்கோ... பொறுங்கோ, பொறுங்கோ. விழுகுது. இப்ப ஒரு விரல்."

டப். சத்தம் அடக்கி போட்டிருந்ததால் பெரிய புத்தகமொன்று தரையில் விழுந்ததுபோலத்தான் கேட்டது. கீழே குதிரை தலையை நிமிர்த்தவேயில்லை. இருநூற்றுப் பத்து யாரில் முயல் இருந்த இடத்திலேயே சரிந்தது. அப்பா எழும்பி, தோட்டாவைக் கழற்றி, துவக்கை உறையில் வைத்து, எல்லாம் முறைப்படி செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாக்கின்மேல் ஏறி நின்று ஆடினார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், முழங்காலில் சேறு, இடுப்பில் கைவைத்து மன்னார்க் கூத்துக்காரன் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மாதா தெரிஞ்ச தோட்டா! பார்த்தியோ பிள்ளை, மாதா தெரிஞ்ச தோட்டா!"

டயனாவும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடிய, அப்பாவின் முகத்தைப் பாராமல் தூரக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

அந்தக் கோடை போஞ்சி தலைக்குமேல் ஏறியது. வாரத்தில் மூன்று நாள் பின்னேரம் இருவரும் சாக்கில் படுத்தார்கள். அப்பாவுக்குக் குறி தப்பிய வெடிகளையும் அவள் கொப்பியில் குறித்தாள். தலையில் பட்டவை வீட்டுக்கு வந்தன. முயல் கறி மணம் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரம் மாமி வரைக்கும் போய், மரக்கறி மட்டுமே சாப்பிடுகிற அவர்கள் யன்னலைச் சாத்தினார்கள். அப்பா கடைக்காரருக்குச் சொன்னார், கராஜ்காரனுக்குச் சொன்னார், ஆங்கிலத்தில் டெரிக்குக்குச் சொன்னார். "அவர் லேடி சூஸ்", அதாவது எங்கள் மாதா தெரிந்தது. டெரிக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, அவவுக்கு விசயம் தெரிந்திருக்கிறது என்றார்.

இப்போது மைக்.

"இம்மாகுலேற், பால் முடியப்போகுது. காரில ரெண்டு கேஸ் கிடக்கு. இந்தா சாவி" என்றாள் அம்மா. அன்ரி ஒருமுறை டயனாவின் முகத்தையும் ஒருமுறை சாவியையும் பார்த்துவிட்டு, விருப்பமில்லாத நடையில் போனா.

"ம். சொல்லு. கெதியாச் சொல்லு, அவ ஓடி வந்திடுவா."

"அம்மா, அது மாதா தெரிஞ்சது இல்லை. நான் மூண்டு சீட்டிலயும் ஒரே நம்பரை எழுதினனான்." சொன்னதும் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா இப்ப கோயில் சனத்துக்கு முன்னால பொய் சொல்லுறார். அவருக்குத் தெரியாமலே சொல்லுறார். என்னாலதான். தெரிஞ்சால் அவர் திரும்ப..."

"திரும்ப என்ன?"

"பாடமாட்டார்."

யன்னலால் குரல் வந்தது. "உண்மையைச் சொல்லுறன், நான் டுவென்டி-டூ-டூ-ஃபிப்டிதான் வரவேணுமெண்டு ஒன்பது நாளும் மன்றாடினனான். வரேல்லை! நான் கேட்டதே வந்திருந்தால் நான் நம்பியிருக்கமாட்டன். கேளாதது வந்தபடியால்தான் நம்பினனான்." சனம் கைதட்டியது. டயனா முகத்தைப் பொத்தினாள்.

அம்மா கேத்திலை இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தாள். மகளுக்குத் தேத்தண்ணிச் சாயம் மணந்தது.

"உன்ர மூண்டு எழுதிற வடிவு எனக்குத் தெரியும். வாலில ஒரு சுழி போடுவாய்."

"என்ன?"

"மூண்டாம் நாள் மெழுகு ஊத்துப்பட்டுப் பேணிக்குள்ள போயிட்டுது. சீட்டெல்லாம் ஒட்டிப் போச்சு. புதுசா எழுதி வைப்பமெண்டு பிரிச்சனான். மூண்டிலயும் சுழி."

டயனாவுக்கு அழுகை பட்டென்று நின்றது. "கண்டிட்டீங்களோ? ஏன் என்னை ஏசேல்லை?"

"ஏசினால் அப்பாவுக்குக் கேட்கும். பிறகு அவர் கவலைப்படுவார், நீ அழுவாய், நான் சமைக்கவேணும்." அம்மா அடுத்த கப்பை எடுத்தாள். "உன்ர சீட்டு மூண்டையும் அடுப்பில போட்டனான். ஷெறோன் எடுத்தது நான் உன்ர எழுத்து மாதிரியே எழுதி வைச்ச சீட்டு. நீ சும்மா ஏழு மாசம் தலையில தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறாய்."

ஏழு மாதப் பாரம் ஒரே நொடியில் இறங்கியது. அப்படியென்றால் அவள் பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. எல்லாம் சரி. சிரிப்பு வந்தது. அம்மாவைக் கட்டிப் பிடித்ததில் சீனி கொட்டியது. கட்டிப் பிடித்த இடத்திலேயே, கணக்குப் படிக்கிற பிள்ளையல்லவா, அடுத்தது தோன்றிவிட்டது.

"அம்மா. நீங்கள் மூண்டிலயும் வேற வேறயாத்தானே எழுதினீங்கள்?"

அம்மா வாய் திறக்க முதல் மண்டபத்தில் அப்பாவின் குரல் உச்சத்துக்குப் போனது. "தோட்டாவை மாதா தெரிஞ்சா. ஆனால் காத்தைச் சொன்னது என்ர மூத்த பிள்ளை! டயனா, எங்க நிக்கிறாய்? கையைத் தூக்கு மகள்!"

முந்நூறு தலை குசினி யன்னல் பக்கம் திரும்பியது. டயனா சீனி ஒட்டிய கையைத் தூக்கினாள். செபஸ்தியாம்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் எழும்பிக் கைதட்டினார், டூ-ஃபோர்-த்ரீயைத் தான் சொன்னதே இல்லை என்பதுபோல. அப்பா மைக்கைக் கொடுக்க மனமில்லாமல், அதிலேயே மாதா பாட்டை எடுத்துவிட்டார். சுருதி ஒரு பக்கம் போனது. சனம் முழுக்க அவருக்குப் பின்னால் போனது.

இம்மாகுலேற் அன்ரி பால் கேஸோடு மூச்சு வாங்க வந்து, "என்ன, என்ன விட்டிட்டன்?" என்றா.

"ஒண்டும் இல்லை. தேத்தண்ணி ஆறுது, எடுங்கோ" என்றாள் அம்மா. அவள் தட்டைத் தூக்கி இடுப்பில் சாய்த்துக்கொண்டு, பாட்டுக்கு வாயசைத்தபடி மண்டபத்துக்குள் போனாள். கதவடியில் ஒருமுறை திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை டயனாவுக்குத் தெரியும். முயல் கறிச் சட்டியைத் திறந்து முதல் மணம் பிடிக்கும்போது வருகிற சிரிப்பு.

பிரிக்காமல் எரிந்துபோன அந்த இரண்டு சீட்டிலும் அம்மா என்னதான் எழுதியிருந்தாள்?